சூரியநெல்லி மலைப்பாதையில் சுமைவிலங்குகளும் பயணிகளும்

சூரியநெல்லி இடுக்கி மாவட்டத்தின் சின்னக்கானல் ஊராட்சியைச் சேர்ந்த தேயிலைத் தோட்ட ஊர். அதன் கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பு செங்குத்தாக இறங்க, கீழே தேனி மாவட்டத்துச் சமவெளி விரிகிறது. மேலே கேரளம், கீழே தமிழ்நாடு என்று வரைபடம் பிரித்தாலும், இந்த மலைக்கு வேண்டிய அரிசி, உப்பு, துணிமணி, ஆள்பலம் எல்லாம் பல தலைமுறைகளாகக் கிழக்கிலிருந்தே ஏறி வந்தன. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு, பூப்பாறை வழியாக ஒரு பாதை. கொட்டகுடி, குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு இன்னொரு பாதை. மோட்டார் வருவதற்கு முன்பு இவற்றில் சரக்கைச் சுமந்தவை பொதிமாடுகளும் மட்டக்குதிரைகளும் கோவேறு கழுதைகளும், பிறகு வண்டிமாடுகளும்.

இந்தப் பாதைகளின் வரலாற்றில் பயணியின் பாதுகாப்பையும் விலங்கின் நலனையும் தனித்தனியே எடுத்துப் பேச முடியாது. லாடம் தேய்ந்த காளை சறுக்கினால் வண்டியும் வண்டிக்காரரும் சேர்ந்தே பள்ளத்தில் போவார்கள். கழுத்துப் புண்ணோடு ஏற்றத்தில் நிற்கும் மாடு பின்வாங்கினால் பின்னால் வரும் வண்டிக்கும் ஆபத்து. வண்டிக்காரர்களுக்கு இது அனுபவப் பாடம். சட்டத்துக்கு இது புரிய நெடுங்காலம் ஆயிற்று.

பொதிமாடும் வண்டிமாடும்

தோட்டங்கள் வருவதற்கு முன்பு இந்த மலையின் முதன்மைச் சரக்கு ஏலக்காய். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏலம் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகமாக இருந்தது. விளைந்ததை அரசுக் கிடங்கில்தான் கொடுக்க வேண்டும். காட்டுத் தடங்களை அறிந்த முதுவர் பழங்குடியினர் முதுகுச்சுமையாகவும், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் வந்த வியாபாரிகள் பொதிமாடுகளிலும் சரக்கைக் கொண்டுபோனார்கள். பொதிமாட்டுக் கூட்டம் ஒரே நாளில் மலையேறி முடிக்காது. தண்ணீரும் புல்லும் உள்ள இடத்தில் பொதியை இறக்கி, மாட்டை அவிழ்த்துவிட்டுத் தங்கும். அந்தத் தங்குமிடத்துக்குத் தாவளம் என்று பெயர். இரண்டு தாவளங்களுக்கு நடுவிலுள்ள தொலைவை மாட்டின் சக்திதான் முடிவு செய்தது. எழுதப்பட்ட விதி எதுவும் இல்லாத காலத்தில் விலங்குக்குக் கிடைத்த ஓய்வு இந்தத் தாவளத்தில் கிடைத்ததுதான்.

1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரை அளந்த ஆங்கிலேயப் படை அதிகாரிகள் வார்டும் கானரும் இந்த உயர்மலைக்கு வந்து போனார்கள். ஆனாலும் பாதைகள் மாறவில்லை. மாற்றம் வந்தது 1877ஆம் ஆண்டு. ஏலமலையின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் டேனியல் மன்றோ, பூஞ்சார் அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன், அஞ்சுநாடு மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1880இல் ஏ. எச். ஷார்ப் பார்வதி என்ற இடத்தில் தேயிலை பயிரிட்டார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவாயிற்று. காடு தோட்டமானபோது மேலே போக வேண்டிய சரக்கின் கனமும் மாறியது. அதுவரை அரிசியும் உப்பும் போன பாதையில் இப்போது இரும்பும் இயந்திரங்களும் போக வேண்டியிருந்தது. கங்காணிகள் அழைத்து வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் பெரும்பாலும் கால்நடையாகவே ஏறின. துரைகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டக்குதிரையும் ஆள் சுமக்கும் நாற்காலியும் கிடைத்தன. பயணத்தின் சுகமும் ஆபத்தும் யாருக்கு எவ்வளவு என்பதைச் சம்பளப் பட்டியலே தீர்மானித்தது.

பொதிமாட்டுத் தடம் அகலமாகி வண்டிப் பாதையானபோது விலங்கின் பாடு கூடியதா குறைந்ததா என்பதற்கு ஒரே பதில் இல்லை. முதுகில் சுமப்பதைவிடச் சக்கரத்தில் இழுப்பது எளிது. ஒரு மாடு பல மாடுகளின் பொதியை இழுத்துவிடும். ஆனால் மலைச்சரிவில் வண்டி இழுப்பது தனிக்கலை. வண்டிக்காரர்கள் முதலில் பார்ப்பது பாரம் ஏற்றிய விதத்தை. ஏறும்போது மூட்டைகள் பின்னால் சரிந்தால் பின்பாரம் அதிகமாகி நுகத்தடி மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இறங்கும்போது முன்பாரம் கூடினால் முழுக் கனமும் கழுத்தில் விழும். அதனால் ஏற்றத்துக்கு ஒருவிதமாகவும் இறக்கத்துக்கு வேறுவிதமாகவும் மூட்டையை நகர்த்தி வைப்பார்கள். இறக்கத்தில் சக்கரத்தின் மேல் கட்டையை அழுத்திக் கயிற்றால் இறுக்கி வேகத்தைக் குறைப்பார்கள். கட்டை சூடேறிப் புகையும். மழைநாளில் நனைந்த கட்டை பிடிக்காமல் வழுக்கும். அப்போது வண்டியை நிறுத்தும் பொறுப்பு முழுவதும் இரண்டு காளைகளின் கழுத்தில் வந்து விழும்.

லாடம் கட்டுவதில்தான் விலங்கின் நலனும் மனிதரின் உயிரும் மிக நெருக்கமாகச் சேர்கின்றன. மாட்டின் குளம்பு பிளவுபட்டது என்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடு, நான்கு காலுக்கும் எட்டுத் தகடு. லாடக்காரர் மாட்டைக் கயிறு போட்டுப் பக்கவாட்டில் சாய்த்து, நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி, வளர்ந்த குளம்பைச் சீவி மட்டமாக்கி, மெல்லிய இரும்புத் தகட்டைப் பொருத்தி ஆணி அடிப்பார். ஆணி குளம்பின் ஓட்டுப் பகுதியோடு நிற்க வேண்டும். சற்று உள்ளே போனால் சதையில் பாய்ந்து சீழ் பிடிக்கும். மாடு பல நாள் நொண்டும். சரளைக்கல் நிறைந்த மலைப்பாதையில் தகடு சமவெளியைவிட விரைவில் தேயும். தேய்ந்த லாடத்தோடு ஈரப்பாறையில் ஏறும் காளைக்குப் பிடிப்பு இருக்காது. லாடத்துக்குச் செலவு பார்த்த வண்டிக்காரர் சரக்கையும் மாட்டையும் சில வேளை தன் உயிரையும் பணயம் வைத்தார் என்றே சொல்ல வேண்டும்.

பாரத்தைப் போலவே நோயும் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியது. கோமாரி வந்தால் மாடு சில வாரம் படுத்து எழும். வெக்கை வந்தால் பெரும்பாலும் எழாது. சந்தையிலும் தாவளத்திலும் ஊர்ஊரான மாடுகள் கலப்பதால் நோய் பாதையோரமாகவே பரவும். சென்னை மாகாணத்தில் 1866இலேயே கால்நடை நோய்ச் சட்டம் வந்தது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தியின் அருமை மாட்டை நம்பிப் பிழைத்த தலைமுறைக்குத்தான் முழுதாகத் தெரிந்திருக்கும்.

ஒற்றைத் தண்டவாளம்

மலை உச்சியில் மாட்டின் உழைப்பைக் குறைக்க நடந்த முதல் பெரிய பொறியியல் முயற்சி 1902இல் நடந்தது. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை வண்டிப் பாதை வெட்டி, அதன் ஓரத்தில் ஒரே ஒரு தண்டவாளத்தைப் பதித்தார்கள். யூயிங் முறை என்று இதற்குப் பெயர். பெட்டியின் அடியில் உள்ள சிறிய சக்கரங்கள் தண்டவாளத்தின்மேல் ஓடும். பக்கத்தில் நீண்ட கம்பியில் பொருத்திய பெரிய சக்கரம் ஒன்று சாலையில் உருண்டு பெட்டி சாயாமல் பிடிக்கும். பெரும்பகுதிக் கனம் தண்டவாளத்தில் இறங்கிவிடும். சாலையில் ஓடும் சக்கரம் சமநிலைக்கு மட்டுமே. இழுத்தவை காளைகள்.

மண் சாலையில் சக்கரம் புதைவதால் மாடு படும் பாட்டில் பெரும்பங்கை இந்த ஏற்பாடு நீக்கியது. அதே யூயிங் முறையில் 1907இல் பாட்டியாலா அரசு அமைத்த ஒற்றைத் தண்டவாளமும் 1927 வரை ஓடியது. அங்கே காளைகளோடு கோவேறு கழுதைகளும் இழுத்தன. அதன் நீராவி எஞ்சின் ஒன்று இன்றும் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரயில் வரலாறு எழுதுவோர் எஞ்சினைப் பற்றி நிறையவும் இழுத்த விலங்குகளைப் பற்றி ஒரு வரியும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. குண்டளைத் தடத்தின் முதல் ஆறு ஆண்டுகள் முழுக்க முழுக்க மாடுகளின் உழைப்பு.

இந்த அமைப்பில் விலங்குக்கு மிக நன்மை செய்த பகுதி டாப் ஸ்டேஷனுக்குக் கீழே இருந்தது. தேயிலைப் பெட்டிகளை அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறக்கினார்கள். கீழே வந்து சேரும் இடம் ‘பாட்டம் ஸ்டேஷன்’ ஆயிற்று. செங்குத்தான சரிவில் பாரத்தோடு இறங்குவதே மாட்டுக்கும் வண்டிக்காரருக்கும் பெரிய கண்டம். கம்பிவடம் அந்தக் கண்டத்தை எடுத்துவிட்டது. கொட்டகுடியிலிருந்து போடிவரை சுமார் 15 கிலோமீட்டர் மறுபடியும் மாட்டு வண்டி. மதுரை–போடி ரயில் 1928இல்தான் வந்தது என்பதால், அதற்கு முன்பு வண்டிகள் இன்னும் நெடுந்தூரம் போய் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

1908இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு இரண்டடி அகலக் குறுகிய ரயில் பாதை போட்டார்கள். எஞ்சின் வந்தது, காளைகள் விலகின. 1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099இல், மலையாள நாட்டையே புரட்டிப்போட்ட பெருவெள்ளம் அந்தப் பாதையைத் திரும்பக் கட்ட முடியாதபடி அழித்தது. மூணாற்றில் ரயில் நிலையமாக இருந்த கட்டடம் இப்போது தேயிலை நிறுவனத்தின் அலுவலகம். வெள்ளத்துக்குப் பிறகு மேற்கே ஆலுவாய் நோக்கிய மோட்டார் சாலைக்கு முன்னுரிமை கிடைத்தது. பெரியாற்றின் மேல் நேரியமங்கலம் பாலம் 1935இல் திறக்கப்பட்டது. கிழக்குப் பக்கத்து வண்டி மாடுகள் லாரி வரும்வரை தொடர்ந்தன.

சட்டம் வந்த வழி

விலங்கை வதைப்பதைத் தடுக்கும் சங்கம் இந்தியாவில் முதன்முதலாக 1861இல் கல்கத்தாவில் கோல்ஸ்வொர்தி கிராண்டின் முயற்சியில் தோன்றியது. தெருவில் அளவுக்கு மீறிப் பாரம் இழுத்த வண்டிமாடுகள்தான் அதற்குத் தூண்டுகோல். 1890இல் நாடு முழுமைக்குமான வதைத்தடுப்புச் சட்டம் வந்தது. அது பெரும்பாலும் நகரச் சட்டமாகவே இருந்தது. பொது இடத்தில், பிறர் கண்ணில் படும்படி நடக்கும் கொடுமையையே அது அதிகம் கவனித்தது. போடிமெட்டுச் சரிவில் இரவில் இறங்கும் வண்டியை யார் பார்ப்பது?

நிலைமையை மாற்றியதில் ஒரு தமிழ்ப் பெண்மணிக்குப் பெரும்பங்கு உண்டு. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே விலங்கு வதைத் தடுப்பு மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்ததால் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையில் இருந்தது. நாட்டியத்துக்காக அவரை நினைவுகூரும் தமிழகம் இந்த உழைப்பை இன்னும் போதிய அளவு நினைக்கவில்லை.

அந்தச் சட்டத்தின் கீழ் 1965இல் வந்த இழுவை, பொதி விலங்குகள் விதிகள் சாலைக்கு நெருக்கமானவை. பொதி சுமக்கும் கோவேறு கழுதைக்கு 200 கிலோ, மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50 கிலோ என்று மேல்வரம்பு வந்தது. மாட்டுக்கு அதன் அளவைப் பொறுத்து 100 முதல் 175 கிலோ வரை. வண்டிக்கு, காற்று டயர் இருந்தால் ஓர் அளவும் இல்லாவிட்டால் அதைவிடக் குறைந்த அளவும். வண்டியில் ஓட்டுநரும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் நீங்கலாக நான்கு பேருக்கு மேல் ஏறக் கூடாது. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலும், இடையில் ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் விலங்கை வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 வரை வேலையே கூடாது. ஆணி பதித்த தார்க்குச்சிக்குத் தடை.

இவற்றில் மலைக்காரர்களுக்கு முக்கியமான விதி அதிகம் பேசப்படாத ஒன்று. ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத ஏற்றம் இருந்து, 30 மீட்டருக்கு 3 மீட்டருக்கு மேல் சரிவு உயர்ந்தால், வண்டியில் ஏற்றக்கூடிய பாரம் பாதியாகக் குறைய வேண்டும். அதாவது பத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஏற்றத்தில் காளையின் கணக்கே வேறு. போடியிலும் கொட்டகுடியிலும் வண்டிக்காரர்கள் நெடுங்காலம் கடைப்பிடித்த அறிவு இங்கே சட்டமானது. ஆனால் விதி வந்த நேரத்தில் லாரிகள் மலைச்சாலையைக் கைப்பற்றிவிட்டன. மிகத் தேவையாக இருந்த காலத்தில் அந்தக் காளைகளுக்குக் கிடைக்காத பாதுகாப்பு இது.

நடைமுறைச் சிக்கல் இன்னொன்றும் உண்டு. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. 1972இல் இடுக்கி மாவட்டம் பிறந்தது. ஒரே பாதையின் கீழ்ப்பாதி ஒரு மாநிலத்தின் காவல்துறைக்கும் வனத்துறைக்கும், மேல்பாதி மற்றொன்றுக்கும் உரியதாகவே நீடித்தது. விதி மத்திய அரசுடையது. அதை நிறைவேற்ற வேண்டியது இரு மாநிலங்களின் அலுவலர்கள். மாவட்டந்தோறும் வதைத்தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்று 2001இல் தனி விதியே வந்தது என்பது, அதுவரை இருந்த வெற்றிடத்தைக் காட்டுகிறது.

பனிநாட்டின் நாய்வண்டிகள்

சரக்குக்காக வளர்ந்த விலங்குப் போக்குவரத்து சுற்றுலாவுக்கு மாறும்போது என்ன நேரும் என்பதை வடதுருவத்தை ஒட்டிய நாடுகளின் நாய்வண்டிகள் தெளிவாகக் காட்டுகின்றன. 1925 குளிர்காலத்தில் அலாஸ்காவின் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் பரவியபோது, 20 ஓட்டுநர்களும் ஏறத்தாழ 150 நாய்களும் மாறிமாறி ஓடி, 1,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பனிப்பாதையில் ஐந்தரை நாளில் மருந்தைச் சேர்த்தார்கள். பனிவண்டி மோட்டார்கள் வந்ததும் அந்தத் தொழில் தேய்ந்தது. 1973இல் தொடங்கிய இடிட்டராட் நெடும்பந்தயமும் பிறகு பெருகிய சுற்றுலாச் சவாரியும் நாய்களுக்கு வேறு வேலை கொடுத்தன.

சவாரியில் அமரும் பயணி கூடைப் பகுதிக்குள் கைகால்களை அடக்கி உட்கார வேண்டும். ஓட்டுநர் பின்னால் சறுக்குக் கட்டைகளில் நின்று, பனியைக் கிழிக்கும் நகத் தடையையும் இழுபாயையும் காலால் அழுத்தி வேகத்தைக் குறைப்பார். நிறுத்திய வண்டியைப் பிடிக்கப் பனியில் குத்தும் கொக்கி உண்டு. ஆர்வத்தில் துள்ளும் நாய்க்கூட்டம் புறப்படும் நேரம்வரை வண்டியைக் கயிற்றால் மரத்தில் கட்டியே வைத்திருப்பார்கள். நாய்க்கு வரும் முதல் ஆபத்து குளிர் அல்ல, சூடு. அடர்ந்த உரோமத்தோடு ஓடும் நாய் உறைநிலைக்குச் சற்று மேலான வெப்பத்திலேயே மூச்சுத் திணறத் தொடங்கும். பாதத்தில் விரல்களுக்கிடையே பனிக்கட்டி சேர்ந்து புண்ணாகாமல் இருக்கத் துணியுறை கட்டுவார்கள். சேணம் தோளில் சரியாகப் பொருந்தாவிட்டால் அக்குளில் உராய்ந்து தோல் கிழியும். நுகத்தடிப் புண்ணைப் பார்த்த வண்டிக்காரர் எவருக்கும் இது புதிதாக இருக்காது.

நாய்வண்டிச் சுற்றுலாவின் பெரிய கேள்வி சவாரி நடக்காத நாட்களைப் பற்றியது. கனடாவின் விஸ்லர் ஊரில் 2010 ஒலிம்பிக் போட்டிக்குப் பிறகு வியாபாரம் குறைந்தபோது, ஒரு சவாரி நிறுவனத்தின் நாய்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டன. அதைச் செய்ய நேர்ந்த ஊழியர் மனநலப் பாதிப்புக்கு இழப்பீடு கேட்டபோது 2011 ஜனவரியில் உண்மை வெளியே வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் விசாரணைக் குழு அமைத்து, 2012இல் நாய்வண்டி நாய்களுக்கென்றே பராமரிப்பு விதிகளைக் கொண்டுவந்தது. பருவத்துக்கு மட்டும் வருமானம் தரும் தொழிலில், வருமானம் இல்லாத மாதங்களிலும் ஓய்வு பெற்ற வயதிலும் விலங்குக்கு யார் சோறு போடுவது என்ற கேள்வியை அந்த விதிகள் சட்டத்துக்குள் கொண்டுவந்தன.

யானைச் சவாரி

இடுக்கியில் அதே கேள்வியை யானை எழுப்பியது. மூணாறும் தேக்கடியும் சுற்றுலா ஊர்களாக வளர்ந்தபோது, மரம் இழுத்த யானைகளும் கோயில் விழாக்களுக்குப் போன யானைகளும் சவாரி மையங்களுக்கு வந்தன. தோட்டத்துக்குள் ஒரு சிறு வட்டம், ஏறுவதற்கு மேடை, முதுகில் பலகை இருக்கை, முன்னால் பாகன், பின்னால் குடும்பமாக அமரும் பயணிகள். பார்ப்பதற்கு எளிய ஏற்பாடு. உள்ளே இருக்கும் சிக்கல் யானையின் எலும்பில் தொடங்குகிறது. அதன் முதுகெலும்பின் கணுக்களிலிருந்து கூரான எலும்புகள் மேல்நோக்கி நிற்கின்றன. இருக்கையின் கனம் சரியான மெத்தை இல்லாமல் அவற்றின்மேல் விழுந்தால் நாளடைவில் புண்ணும் வலியும் வரும். ஈரமான சிமெண்டுத் தரையில் நாள் முழுவதும் நிற்பதால் பாதம் அழுகும். வலியோடு வேலை செய்யும் யானையின் அருகில் எப்போதும் நிற்பவர் பாகன். முதலில் அடிபடுபவரும் அவரே.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை முதல் பட்டியலில் இருக்கிறது. அதை வைத்திருக்க உரிமைச் சான்று வேண்டும். கேரளம் 2003இல் வளர்ப்பு யானைகளுக்கெனத் தனி விதிகள் வகுத்து, 2012இல் அவற்றைப் புதுப்பித்தது. காட்சிக்கும் கேளிக்கைக்கும் விலங்கைப் பயன்படுத்துவோர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2001ஆம் ஆண்டின் மத்திய விதி. இவ்வளவும் இருந்தும் 2024 ஜூனில் அடிமாலி அருகே கல்லாரில் இயங்கிய சவாரி மையம் ஒன்றில் பாகன் ஒருவர் யானையால் கொல்லப்பட்டார். சவாரிக்கு வந்தவர்கள் உயிர் தப்பினார்கள் என்று நிம்மதி அடைவது போதாது. பாகன் இறந்த இடம் பயணிக்கும் பாதுகாப்பான இடமாக இருந்திருக்க முடியாது.

உச்ச நீதிமன்றம் 2014 மே 7ஆம் தேதி நாகராஜா வழக்கில் வழங்கிய தீர்ப்பு இங்கே முக்கியம். தமிழ்நாட்டில் அது ஜல்லிக்கட்டுத் தடையாக மட்டுமே நினைவிலிருக்கிறது. 2017இல் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது, 2023இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. ஆனால் அந்த 2014 தீர்ப்பு பசி, தாகம், அசௌகரியம், வலி, நோய், அச்சம் ஆகியவற்றிலிருந்து விலங்குக்கு விடுதலையும் இயல்பாக நடந்துகொள்ள இடமும் வேண்டும் என்ற ஐந்து சுதந்திரங்களை இந்தியச் சட்டப் பேச்சுக்குள் விரிவாகக் கொண்டுவந்தது. பிரிட்டனில் பண்ணை விலங்குகளுக்காக உருவான கருத்து அது. சவாரி யானைக்கும் மலைக் குதிரைக்கும் அது அப்படியே பொருந்தும்.

ஜீப்பும் காட்டுப் பாதையும்

சூரியநெல்லியிலிருந்து இன்று பயணிகளை ஏற்றிச் செல்வது ஜீப். தேனி மாவட்ட எல்லைக்குள் இருக்கும் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வண்டிச்சாலை கிடையாது. சூரியநெல்லியிலிருந்து தோட்டங்களை ஊடறுத்துப் போகும் கல்தடம்தான் வழி. நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பே அதில் ஏறும். சூரிய உதயம் பார்க்க வருவோருக்காக விடியலுக்கு முன்பே ஜீப்புகள் வரிசையாகக் கிளம்புகின்றன. மாட்டுக்கு இருந்த முன்பாரமும் பின்பாரமும் இங்கே வேறு வடிவில் இருக்கின்றன. ஏற்றத்தில் பின்னால் நெருக்கி உட்கார்ந்தவர்களின் கனம் முன்சக்கரத்தின் பிடிப்பைக் குறைக்கும். இறக்கத்தில் பிரேக் சூடேறும். மாடு களைத்தால் நின்றுவிடும். எஞ்சின் அப்படி நிற்பதில்லை என்பதால் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர் ஓட்டுநர் ஒருவரே. 2025 ஜூலையில் மூணாறு அருகே ஜீப் கவிழ்ந்து பயணி ஒருவர் உயிரிழந்தபின் இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளுக்குச் சில காலம் தடை விதித்தது.

இந்த வட்டாரத்தில் விலங்கால் வரும் ஆபத்து இப்போது காட்டிலிருந்து வருகிறது. ஆனையிறங்கல் அணையும் தோட்டங்களும் குடியிருப்புகளும் யானைகளின் பழைய வழித்தடத்தில் அமைந்தவை. சின்னக்கானல் பகுதியில் அரிசிக் கடைகளையும் வீடுகளையும் தேடி வந்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானை 2023 ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்டது. ஒரு மாதத்துக்குள் கம்பம் நகருக்குள் நுழைந்தது. ஜூனில் தமிழ்நாடு வனத்துறை அதைப் பிடித்து களக்காடு–முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனது. இருமாநில எல்லை யானைக்கு இல்லை என்பதை இரு அரசுகளும் ஒரே ஆண்டில் நேரில் கண்டன.

நடைப் பயணத்தின் மிகக் கொடிய நாள் 2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிய மலையேற்றக் குழுவினர் காய்ந்த புல்வெளியில் பரவிய காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் உயிரிழந்தனர். உயர்ந்து நின்ற புல், கோடைக் காற்று, செங்குத்தான சரிவு மூன்றும் சேர்ந்தபோது தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதரின் கால் ஈடுகொடுக்கவில்லை. அதே ஆண்டு தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. பாதைகளைக் கடினத்தைப் பொறுத்து வகைப்படுத்துவதும் அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயமானதும் அதன் பின்பே.

பொதி விலங்குகள் இன்னும் முற்றாக மறையவில்லை. சாலை எட்டாத மலைக்கிராமங்களுக்கு அரிசியும் சிமெண்டும் இப்போதும் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் போகின்றன. கொடைக்கானல் மலையின் வெள்ளகவி கிராமம் இதற்குத் தெரிந்த உதாரணம். தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் குதிரை சுமந்து போகும் படம் செய்தித்தாள்களில் வரும். அந்தக் குதிரைக்கும் 70 கிலோ, 9 மணி நேரம் என்ற 1965 விதிகள் பொருந்தும். அதைச் சோதிக்கும் அலுவலர் அந்தத் தடத்தில் ஏறுவது அரிது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை இணையவழிப் பதிவோடு திறந்தது. தேனி மாவட்டத்தின் குரங்கணி–சாம்பலாறு பாதையும் அதில் உண்டு. பயணிகளை அழைத்துச் செல்வோர் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களும் பழங்குடியினரும். காட்டுத்தீ அபாயம் உள்ள கோடை மாதங்களில் இந்தப் பாதைகள் மூடப்படுகின்றன.